தமிழ்மொழிக்கு இரண்டு சாட்சி வேண்டும்

தராசுத் தட்டில் பீங்கான் கிண்ணத்தை வைத்தால், எண்கள் ஓடி ஓய்ந்து நிற்கும்வரை தமிழ்மொழி மூச்சு விடமாட்டாள். மூச்சுக் காற்றுப் பட்டால் கடைசி எண் ஆடிவிடும் என்பது அவள் கட்சி. தராசைச் சுற்றித்தான் கண்ணாடிக் கூண்டு இருக்கிறதே என்று யாராவது சொன்னால், கூண்டு அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் என் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்பாள். எண் நின்றதும் பதிவேட்டில் எழுதுவாள். பிறகு, அடக்கி வைத்த மூச்சோடு சேர்ந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வரும். "தெதெத்." இன்னொரு கிண்ணம், இன்னொரு மூச்சு. "தெதே." ஆய்வுக்கூடத்தில் பழையவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஓரடி தள்ளி நிற்பார்கள்.

மந்திரமில்லை. இரண்டுக்கும் 'கொடுத்தான்' என்று பொருள். ஒன்று ஆஸ்கன், மற்றது உம்பிரியன். இரண்டும் லத்தீனோடு கூடப் பிறந்து, இத்தாலியின் மலைப்பக்கங்களில் கொஞ்ச காலம் வாழ்ந்து, கல்லிலும் வெண்கலத்திலும் சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோன மொழிகள். இந்த உடன்பிறப்புகளுக்கெல்லாம் ஒரு தாய் இருந்தாள். அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்தத் தாய் எந்த வினைச்சொற்களை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று மகள்களின் வாயைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் தமிழ்மொழியின் வேலை. சம்பளமில்லாத வேலை. பெயரிலேயே தமிழ்மொழியை வைத்துக்கொண்டு லத்தீனின் தாயைத் தேடுகிறாயே என்று கேட்டுக் கேட்டு ஊருக்கும் அலுத்துவிட்டது, சிரித்துச் சிரித்து அவளுக்கும் அலுத்துவிட்டது.

சம்பளமுள்ள வேலை வேறு. சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வரும் பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, எரித்தால் சாம்பல் எவ்வளவு என்று சோதித்துச் சொல்கிற சின்ன ஆய்வுக்கூடம், நகரியத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்டு, ஓர் ஒப்பந்தக்காரர் நடத்துவது. அங்கே பதின்மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். வயது முப்பத்தெட்டு. படித்தது தாவரவியல். செடிகளுக்கெல்லாம் ஏன் வாயில் நுழையாத பெயர் வைக்கிறார்கள் என்று கல்லூரியில் கேட்டதற்கு, பரீட்சைக்கு அது வராது என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலை அவள் மன்னிக்கவே இல்லை. ஒருநாள் வடலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த லத்தீன் பாடநூல் ஒன்று கிடைத்தது. பெயர்ச்சொற்களைப் பார்க்கத்தான் வாங்கினாள். வினைச்சொற்களில் மாட்டிக்கொண்டாள். பெயர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, வினைதானே நடக்கிறது, ஓடுகிறது, வேறு ஊருக்குப் போய் வேறு மாதிரி பேசுகிறது என்பாள்.

அவளிடம் நீளவாக்கு நோட்டுகள் மூன்று இருக்கின்றன. ஒரு வினைக்கு ஒரு பக்கம். மேலே இடது ஓரத்தில் லத்தீன், வலது ஓரத்தில் ஆஸ்கன், நடுவில் உம்பிரியன். பக்கத்தின் அடியில், ஒரு நட்சத்திரக் குறி போட்டு, தாயின் சொல். எங்கும் எழுதிக் கிடைக்காத சொல், நாமாகக் கட்டியது என்பதற்கு அந்த நட்சத்திரம் அடையாளம். 'வந்தான்' என்பதற்கு லத்தீன்காரி 'வெ' என்று தொடங்குகிறாள். அதே இடத்தில் ஆஸ்கன்காரி 'பெ' என்கிறாள். இரண்டில் எது தாயுடையது? இரண்டுமில்லை. 'க்வெ' என்று ஒன்று இருந்தால்தான் ஒருத்தி வாயில் அப்படியும் இன்னொருத்தி வாயில் இப்படியும் ஆகியிருக்க முடியும். இதைச் சொல்லும்போது தமிழ்மொழியின் முகத்தைப் பார்க்க வேண்டும். காணாமல் போன பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தவள் மாதிரி இருப்பாள்.

ஆனால் ஒரு கண்டிப்பு. இரண்டு மொழியில் சாட்சி கிடைக்காமல் அடியில் எழுதமாட்டாள். ஆய்வுக்கூடத்திலும் அதுதானே முறை. ஒரே கரிக்கு இரண்டு வெவ்வேறு இடத்தில் சாம்பிள் எடுத்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமில்லையா என்று மாமியார் பேச்சியம்மாள் ஒருமுறை கேட்டார். சோறு கிளறிக் கிளறி வெந்தது, பெல்ட்டில் வரும் கரியை எவன் கிளறினான் என்று இவள் திருப்பிக் கேட்டாள். மூன்று நோட்டிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு வினைகள். அதில் தொண்ணூறு பக்கங்களுக்கு அடிப்பக்கம் காலி. காலிப் பக்கங்களைத்தான் அதிகம் புரட்டுவாள்.

வீடு, கணவர் இசக்கிமுத்துவின் குவார்ட்டர்ஸ். அவர் திருநெல்வேலிப் பக்கம், பெர்மனென்ட் எலக்ட்ரீஷியன். இவள் மண்ணின் மகள். இவள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட ஊர் இப்போது சுரங்கப் பள்ளத்துக்குள் வெறும் காற்றாக இருக்கிறது. பிளாக்கில் எல்லா மாவட்டமும் குடியிருப்பதால் ஒரு தெருவுக்குள்ளேயே நாலு தமிழ் கேட்கும். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை சமையலறை மேடைதான் அவள் மேசை. ஒரு பக்கம் இட்லி வேகும், மறுபக்கம் ஆஸ்கன் வேகும். ஜன்னல் வழியாக நோட்டைப் பார்த்த எதிர்வீட்டு அகிலா, குரூப் டூவா, குரூப் ஃபோரா என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டுமில்லை என்றால், சொல்ல மாட்டேங்கிறாளே என்று வருத்தப்படுவாள்.

மாமியார் மருமகளின் ஆராய்ச்சியை ஒரே மூச்சில் விளக்கிவிடுவார். "செத்துப்போன பாஷைக்கு ஒரு ஆத்தா பாஷையாம்லா. அவளும் செத்துட்டாளாம். இவ தெனமும் விடியக்காலம் போயி துக்கம் கேட்டுட்டு வாரா."

சொல்வதுதான் இப்படி. போன தை மாதம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று தமிழ்மொழியின் கட்டுரையை ஏற்றுக்கொண்டபோது, பிளாக் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவரும் அதே பேச்சியம்மாள்தான். மொழிகளின் பழங்கால வடிவங்களை மட்டும் பேசுகிற பத்திரிகை. உலகத்தில் முந்நூறு பேர் படித்தால் அதிகம். அதில் எழுதுகிறவர்களின் பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். இவள் பெயருக்குக் கீழே பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும். ஒன்பது வருட விடியற்காலைக்கு முதல்முதலாக ஒரு ரசீது. இசக்கிமுத்து பணிமனையில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அல்வா நன்றாக இருந்ததால் யாரும் வற்புறுத்தவில்லை.

கட்டுரையில் நான்கு வினைகள். அவற்றில் பெரியது ஒன்று. ஈரத்தை உலர்த்த விரித்துப் போடுவதைக் குறிக்கும் சொல். லத்தீனில் உள்ளதும், உடைந்த கல்லொன்றில் கிடைத்த ஆஸ்கன் வடிவமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அந்தப் பக்கத்தை நாலு வருடத்துக்கு முன்னால் நிரப்பிய அன்றைக்கு அவள் ரவா கேசரி கிண்டினாள். கட்டுரையின் தலைப்பே அந்த வினைதான். சித்திரையில், அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லிப் பக்கங்கள் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் இருந்தால் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத்தில் சாம்பிள்கள் அநியாயத்துக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தன. திங்கட்கிழமை இரண்டு பைகளிலும் சாம்பல் ஒரே அளவு. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பொறுப்பாளர் விஜயலட்சுமி மேடத்துக்கு மகிழ்ச்சி, இப்போதுதான் எல்லோரும் கவனமாக வேலை செய்கிறீர்கள் என்று பாராட்டினார். தமிழ்மொழிக்கு மட்டும் செருப்புக்குள் கல் மாட்டியது போல இருந்தது. கால் மைல் தள்ளித் தள்ளி ஓடும் இரண்டு பெல்ட்டில் எடுத்த கரி, முதல் தசமத்திலாவது சண்டை போட வேண்டாமா? புதன்கிழமை காலையும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக வந்தன. அவள் கிண்ணங்களை வைத்துவிட்டு வெளியே போனாள்.

சாம்பிள் எடுத்து வருகிறவர் ராயப்பன். ஐம்பத்தைந்து வயது, அவரும் கான்ட்ராக்ட்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் முகம் சொல்லிவிட்டது.

"முட்டி வலி தங்கச்சி. ரெண்டாவது பெல்ட்டுக்கு ஏறணும்னா எம்பத்தாறு படி. உசுரு போவுது. கரி கரிதானேன்னு ரெண்டு பையயும் ஒரே எடத்துல ரொப்பிகினு வந்துட்டேன்."

கோபம் வந்தது. தைல வாடை அதைப் பாதியாக்கியது. மறைத்து வைத்தால் இன்னொரு நாள் வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள், அன்றைக்கு வேலையே போகும், இன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் மாட்டேன் என்றார், பிறகு நாளைக்கு என்றார், கடைசியில் எழுந்தார். மேடத்தின் அறைக்குள் அவர் முன்னால் போக, இவள் பின்னால் போய் நின்றாள். மேடம் கத்தினார். வெளியே சைக்கிளில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். கத்தி முடித்துவிட்டு, முட்டிவலி என்று முதலிலேயே சொல்வதற்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டார். மூன்று நாள் முடிவுகளையும் நிறுத்தி வைத்து, திரும்ப சாம்பிள் எடுக்கச் சொன்னார். படியேறுகிற இடத்தை அங்கேயே வேலை பார்க்கும் இன்னொருவருக்கு மாற்றினார். ராயப்பனுக்கு இனிமேல் தரையோடு போகிற பெல்ட் மட்டும். வெளியே வந்த மனிதர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

தமிழ்மொழி தராசுக்குத் திரும்பினாள். கிண்ணத்தை வைத்தாள், மூச்சைப் பிடித்தாள், எண் நின்றது. மூச்சை விட்டாள். சொல் வரவில்லை.

அநியாயத்துக்கு ஒத்துப்போகிறது என்று காலையில் எதைச் சந்தேகப்பட்டாளோ, அதே ஒழுங்கு தன் நோட்டிலும் ஒரு பக்கத்தில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. எல்லா வினையிலும் மகள்கள் கொஞ்சமாவது சண்டை போடுகிறார்கள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் சண்டையே இல்லை. நாலு வருடமாக அதைப் பார்த்துப் பூரித்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் போனில் அந்தக் கல்லின் படத்தைத் தேடினாள். அதுவரை அவள் கல்லைப் பார்த்ததில்லை. சொற்பட்டியல் ஒன்றிலிருந்து சொல்லை மட்டும் எடுத்து எழுதியிருந்தாள். ஒரு அருங்காட்சியகத்தின் பக்கத்தில் படம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். கல் அந்த வரியின் நடுவிலேயே உடைந்திருந்தது. அவளுடைய சொல்லில் முதல் இரண்டு எழுத்துகள்தான் கல்லில் இருந்தன. படத்துக்குக் கீழே இருந்த குறிப்பின்படி, மீதி எழுத்துகளை நூறு வருடத்துக்கு முன்பு யாரோ ஓர் அறிஞர், லத்தீனில் இப்படி இருக்கிறதே, இங்கேயும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிரப்பியிருக்கிறார். நிரப்பியதற்கு அடையாளமாக அவர் அடைப்புக்குறி போட்டிருக்கிறார். பட்டியலைத் தயாரித்தவர் அந்தக் குறியை விட்டுவிட்டார். ஆக, ஆஸ்கன் சாட்சி என்று அவள் நினைத்தது லத்தீனையே வேறு பையில் போட்டுக் கொண்டுவந்தது.

சமையலறை மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாள் என்று சொல்வதில் தவறில்லை, அழத்தான் செய்தாள். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, கேலி செய்யாமல், அடுப்பைப் பற்றவைத்து டீ போட ஆரம்பித்தார். இசக்கிமுத்து பொறுமையாக முழுவதையும் கேட்டார். பணிமனையில் அல்வா கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நீ பேசாம இருந்தா எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார். கெட்ட எண்ணமில்லை. மனைவி அழுவதைப் பார்க்க முடியாதவர் கேட்கிற கேள்வி அது. உண்மையும்கூட. அந்தக் கல்லைத் தேடிப் பார்க்கிறவர்கள் உலகத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

தமிழ்மொழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலைல அந்த மனுசன மேடத்துக்கு முன்னால கூட்டிகினு போய் நிறுத்தினவ நானு. ஊருக்குத்தான் உபதேசம்னு இப்ப வூட்டுல குந்திகினு இருந்தா, நாளைக்கு அவுரு மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

இசக்கிமுத்து எழுந்தார். போன் சார்ஜ் குறைந்திருந்ததால் ஒயரை எடுத்து வந்து மாட்டிவிட்டார். பத்திரிகைக்கு எழுதிய கடிதம் முதலில் இரண்டு பக்கம் வந்தது. ஒன்பது வருடம், பழைய பேப்பர் கடை, தாவரவியல் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் நாலு வரி நின்றது. என் முதல் வினைக்கு இரண்டு சாட்சி இல்லை, ஒன்றுதான். கல்லின் படத்தை இப்போதுதான் பார்த்தேன். தவறு என்னுடையது. கட்டுரையை நிறுத்தி வையுங்கள். மாமியார் வைத்த டீ ஆறிப்போவதற்குள் அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது, பதில் வரவில்லை. அந்த நாட்களில் அவள் தராசருகே மூச்சைப் பிடித்தாள், விட்டாள், வெறும் காற்றுதான் வந்தது. என்ன உடம்புக்கு என்று மேடமே கேட்டுவிட்டார். விடியற்காலையில் மட்டும் பழக்கம் விடவில்லை, நாலரைக்கு எழுந்து நோட்டைத் திறந்தாள். ஆனால் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சாட்சியும் எந்தக் கல், எந்தத் தகடு, எங்கே உடைந்தது என்று படத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். மாமியார் தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அவரை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் பதில் வந்தது, பத்திரிகையின் ஆசிரியையிடமிருந்து. அவர் எழுதியதன் சுருக்கம் இது: அந்த வினையை எடுத்துவிடுங்கள். மீதி மூன்றையும் நாங்கள் திரும்பச் சோதித்துவிட்டோம், அவை உறுதியாக நிற்கின்றன, தாமதத்துக்கு அதுதான் காரணம். தலைப்பை மாற்றிக் குறுகிய கட்டுரையாக அடுத்த இதழில் போடுகிறோம். அந்த ஆஸ்கன் சொல்லை நானே என் புத்தகத்தில் இருபது வருடத்துக்கு முன்பு எடுத்தாண்டிருக்கிறேன், ஒருநாளும் கல்லைப் பார்க்கத் தோன்றவில்லை. உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது? அதையும் கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். அன்று தராசருகே "தெதெத்" என்று கேட்டதும், மேடம் தன் அறையிலிருந்தே அப்பாடா என்றார்.

பதினொரு மணி டீக்கு ராயப்பன் வேப்பமரத்தடிக்கு வந்தார். நடையில் இப்போது அவ்வளவு இழுப்பு இல்லை. தமிழ்மொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"உங்க இனிஷியல் இன்னாண்ணே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு? மெமோவா? அதான் அன்னிக்கே முடிஞ்சிபோச்சின்னாங்களே."

மெமோ இல்லை என்று சொல்லி, உட்கார்ந்து, முதலிலிருந்து விளக்கினாள். லத்தீன், கல், உடைந்த இடம், இரண்டு பை. அவருக்கு லத்தீன் புரியவில்லை, இரண்டு பை நன்றாகப் புரிந்தது. அச்சில் நன்றி என்று போட்டு அவர் பெயரைப் போடப் போகிறாள் என்பதும் புரிந்தது. கீழே வைத்த டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நான் பண்ண தப்பும் அதுல வருமா?"

"வராது. உங்களாலதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அது மட்டுந்தான் வரும்."

அப்பா பெயர் கண்ணுசாமி என்றார். பிறகு, தயங்கி, அம்மா பெயர் வீராயி, அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், வளர்த்தது அம்மாதான், இரண்டு எழுத்தும் போட இடம் இருக்குமா என்று கேட்டார். அங்கே நிறைய இடம் இருக்கிறது என்றாள். ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக அடித்துவிட்டுப் போனை அவர் பக்கம் திருப்பினாள். அவருக்கு ஆங்கிலம் கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால் அவளே திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்துக்கும் தலையை ஆட்டினார். முடிந்தது.

"இன்னொரு தபா சொல்லு தங்கச்சி" என்றார்.

தமிழ்மொழி விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோனாள்.